பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குப் புதிய கார்ப்பெட்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளின் கார்ப்பெட், காலால் மிதிபட்டுத் தேய்வதைவிடத் தண்ணீரால் கெடுவதே அதிகம். என்னிடம் இருப்பது 1990களின் தொடக்கத்தில் தயாரான, ஏணிச் சட்டத்தின்மீது தனி உடல் பொருத்தப்பட்ட, பின்புறம் பொருள்கள் ஏற்ற நீண்ட இடம் கொண்ட வண்டி. அதன் கார்ப்பெட் நிறம் மங்கியிருந்ததே தவிர, பெரிதாகக் கிழிந்திருக்கவில்லை. ஆனால் பூட்டி வைத்திருந்த வண்டியின் கதவைத் திறக்கும்போதெல்லாம் எழுந்த பூஞ்சை வாடையும், குளிர்ந்த காலைகளில் கண்ணாடியின் உட்புறம் திரையாகப் படிந்த நீராவியும், கண்ணுக்குத் தெரியாமல் அடியில் ஏதோ ஊறிக் கிடப்பதை உணர்த்திக்கொண்டே இருந்தன. ஆகவே, புதிய விரிப்பை வாங்கிப் போடுவதை இந்த வேலையின் கடைசிக் கட்டமாகவும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது, எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று கண்டறிவதை முதல் வேலையாகவும் வைத்துக்கொண்டேன். இந்தப் பதிவில் விரிப்பைவிடத் தண்ணீரைப் பற்றிய பேச்சு மிகுந்திருப்பதற்கு அதுவே காரணம்.

இத்தகைய வண்டிகளுக்குக் கார்ப்பெட் என்பது பின்னாளில் வந்து சேர்ந்த வசதி. இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பின் தரை வெறும் தகடுதான்; உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்ற அதில் வடிதுளையும் அடைப்பானும் வைத்திருந்தார்கள். 1970இல் வெளிவந்த முதல் ரேஞ்ச் ரோவரேகூட, பிற்காலத்தில் ஆடம்பர வண்டியாகப் பெயர் பெற்றபோதிலும், தொடக்கத்தில் வினைல் இருக்கைகளோடும் கழுவிவிடக்கூடிய தரையோடும்தான் விற்கப்பட்டது. காடுமேடுகளுக்கென உருவான வண்டிகளைக் குடும்பங்களும் நெடுஞ்சாலைப் பயணத்துக்காக வாங்கத் தொடங்கிய பிறகு, இரைச்சலையும் சூட்டையும் குறைப்பதற்காகத் தயாரிப்பாளர்கள் தரையில் தடித்த மெத்தைப் பொருளையும் அதன்மேல் கார்ப்பெட்டையும் விரித்தார்கள். வண்டி ஆற்றைக் கடக்கும், சேற்றுக் காலோடு ஆட்கள் ஏறுவார்கள், ஆனால் தரையோ வீட்டுக் கூடத்தைப் போல இருக்கும் என்ற இந்த முரண்பாட்டின் விலையை, முப்பது ஆண்டுகள் கழித்து அந்த வண்டியை வைத்திருப்பவர்கள் துருவாகச் செலுத்துகிறோம்.

அப்படியானால் கார்ப்பெட்டே வேண்டாமே, ரப்பரோ வினைலோ போட்டுவிடலாமே என்று கேட்பது நியாயம்தான். வாரந்தோறும் சேற்றில் இறங்கும் வண்டிக்கு நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் ரப்பர் விரிப்பைப் பற்றி நிலவும் ஒரு நம்பிக்கையை மட்டும் ஏற்க இயலவில்லை. அது தண்ணீரை உறிஞ்சாது என்பது உண்மை. அதேபோல் தன் அடியில் புகுந்த தண்ணீரை மேலே வர விடாது என்பதும் உண்மை. முன்கண்ணாடியின் ஓரத்திலிருந்து கசியும் நீர் ரப்பரின் மேல் விழுவதில்லை. பலகைகளுக்குப் பின்னால் வழிந்து, அதன் அடியில்தான் சேர்கிறது. கார்ப்பெட்டாக இருந்தால் வாடையாவது காட்டிக்கொடுக்கும்; ரப்பரோ தகடு ஓட்டையாகும் வரை ஒன்றும் சொல்லாது. என் வண்டி பெரும்பாலும் நீண்ட சாலைப் பயணங்களுக்கும், எப்போதாவது கரடுமுரடான பாதைகளுக்கும் செல்வது என்பதால், கார்ப்பெட்டையே மீண்டும் போடுவது என்றும், ஆனால் அதை எந்நேரமும் கழற்றி உலர்த்தக்கூடிய விதத்தில் அமைப்பது என்றும் முடிவு செய்தேன். அதன் பிறகு எடுத்த எல்லா முடிவுகளும் இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை.

துணி வகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய கார்களில் இழைகள் வளையங்களாக நிற்கும் கார்ப்பெட்டும், பிற்கால வண்டிகளில் வளையத்தின் நுனி வெட்டப்பட்டு மென்மயிர் போல நிற்கும் கார்ப்பெட்டும் பெரும்பாலும் காணப்படும். நைலான் இழை மிதிபட்டாலும் எழுந்து நிற்கும். பாலிப்ரொப்பிலீன் இழை தண்ணீரை உறிஞ்சாது, கறையும் எளிதில் பிடிக்காது, ஆனால் நசுங்கினால் நசுங்கியபடியே கிடக்கும். இன்னொரு வேறுபாடு சூட்டைத் தாங்கும் திறனில் இருக்கிறது. பாலிப்ரொப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். நைலான் 6 என்ற வகை உருகுவதற்கு 220 டிகிரியை எட்ட வேண்டும். எக்ஸாஸ்ட் குழாய் தரைக்கு மிக அருகில் செல்லும் வண்டிகளில் இது ஏட்டளவிலான வேறுபாடாக இருக்காது. வீட்டுக்கு வாங்கிய கார்ப்பெட்டில் மிஞ்சிய துண்டை வண்டியில் போடுவோரை நானும் பார்த்திருக்கிறேன். அதை நான் செய்யமாட்டேன். வாகனங்களின் உட்புறப் பொருள்களுக்கெனத் தனியாகத் தீப்பரவல் தரநிலை உண்டு. அமெரிக்காவில் 1972 முதல் நடைமுறையில் உள்ள எஃப்எம்விஎஸ்எஸ் 302 என்னும் விதி, அத்தகைய பொருளில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது என்கிறது. வீட்டு விரிப்பு இந்தச் சோதனைக்காகச் செய்யப்பட்டதல்ல. வண்டிக்கென விற்கப்படும் துணியை வாங்கும்போதும் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

வடிவத்தைப் பொறுத்தவரை, தரையின் மேடுபள்ளங்களுக்கு ஏற்றவாறு சூட்டில் வார்த்து வருவது ஒரு வகை; தட்டையான துணியை வெட்டித் தைத்து அமைப்பது மற்றொரு வகை. அதிகம் விற்பனையான வண்டிகளுக்கு வார்த்த கார்ப்பெட் கிடைக்கும். கிடைக்காதவற்றுக்கு, குஷன் வேலை தெரிந்த ஒருவரிடம் பழைய கார்ப்பெட்டையே அச்சாகக் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். நான் வார்த்ததை வாங்கினேன். ஆனால் முன்பகுதியும் பின்பகுதியும் தனித்தனியாக வந்து, முன் இருக்கைகளின் அடியில் ஒன்றின்மேல் ஒன்று படியும் வகையாகத் தேடிப் பிடித்தேன். ஒரே துண்டாக வரும் கார்ப்பெட் பார்வைக்குச் சீராக இருக்கும் என்பது உண்மைதான். அதை ஒருமுறை உயர்த்திப் பார்க்க நான்கு கதவுகளின் படிப்பட்டைகளையும் எல்லா இருக்கைகளையும் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் யாரும் உயர்த்திப் பார்ப்பதில்லை.

கழற்றும் வேலை கடினமானதல்ல, பொறுமை கேட்பது. முதலில் பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியானால், இருக்கைக்கடியில் மஞ்சள் நிற இணைப்புகள் இருக்கும். பேட்டரியைத் துண்டித்த பின் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்காமல் அவற்றைத் தொடக் கூடாது. இருக்கை போல்ட்டுகளின் நுனி பெரும்பாலும் தரைக்கு அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், பல ஆண்டுகளாகச் சேறும் நீரும் பட்டு இறுகியிருக்கும். அவற்றை மேலிருந்து முறுக்குவதற்கு முந்தைய நாளே வண்டிக்கு அடியில் படுத்து, வெளியே தெரியும் மரைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஊடுருவும் எண்ணெயை விட்டுவைத்தால், போல்ட் முறிவதும் தரைக்கு அடியில் பற்றவைத்திருக்கும் நட் பிய்ந்து சுழல்வதும் பெரும்பாலும் தவிர்க்கப்படும். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் குளிரில் நொறுங்கும். வண்டியை வெயிலில் நிறுத்தி உள்ளறை சூடேறிய பிறகு கழற்றினால் வளைந்து கொடுக்கும். கழற்றிய போல்ட்டுகளை இடத்துக்கு ஒரு பையாகப் பிரித்துப் பெயர் எழுதி வைப்பதும், ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வைப்பதும் எல்லோரும் சொல்லும் அறிவுரைதான். கியர் லீவரின் உறைக்கும், நான்கு சக்கர இயக்கத்தை மாற்ற உதவும் டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரின் உறைக்கும் அடியிலுள்ள தகட்டு வளையங்களைக் கழற்றும்போது அந்த அறிவுரையின் பயன் தெரியும், ஏனெனில் அவை இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். திருகுத் துளைகள் மட்டும் பொருந்தாது.

பழைய கார்ப்பெட்டை வெளியே எடுத்தவுடன் தூக்கி எறிந்துவிடக் கூடாது. புதியதை எங்கே வெட்ட வேண்டும், எங்கே துளையிட வேண்டும் என்பதற்கு அதைவிட நம்பகமான அளவு வேறு இல்லை. அதோடு, அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் கசிவின் வரலாறும் தெரியும். என் வண்டியில் கார்ப்பெட்டின் அடியில் ஒட்டியிருந்தது சணல் கழிவை அழுத்திச் செய்த தடித்த மெத்தை. இரைச்சலை அடக்குவதில் அதற்கு இணையான மலிவான பொருள் அரிது. ஆனால் அது விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலத் தண்ணீரை இழுத்துப் பரப்பும். ஒரு மூலையில் கசிந்த நீர் ஓரடி தள்ளி உயரமான இடத்திலும் ஈரமாக நிற்கும். மேலே இழை உலர்ந்த பிறகும் அடியில் தகட்டோடு ஒட்டிய பக்கம் மாதக்கணக்கில் உலராது. மெத்தையில் கருத்தும் பழுப்பேறியும் கிடந்த கறைகளின் எல்லைகளைச் சாக்பீஸால் தரையில் வரைந்து வைத்தேன். பின்னால் கசிவைத் தேடும்போது அந்தக் கோடுகள்தான் எங்கே தொடங்குவது என்று காட்டின.

கசிவைத் தேடுவதில்தான் இந்த வேலையின் பெரும்பகுதி நேரம் கழிந்தது. அதற்காக நான் வருந்தவில்லை. தண்ணீர் தேங்கும் இடத்துக்கும் அது நுழையும் இடத்துக்கும் பெரும்பாலும் தொடர்பிருக்காது. முன்பயணியின் காலடியில் நீர் தேங்கினால், அது முன்கண்ணாடியின் கீழ்மூலையிலிருந்து வந்திருக்கலாம். ஏசியின் வடிகுழாய் மண்ணால் அடைபட்டு, வெளியே சொட்ட வேண்டிய நீர் உள்ளே திரும்பியிருக்கலாம். முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுப் பள்ளத்தில் இலைச்சருகு மக்கி, அங்கே வடிய வேண்டிய மழைநீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வழிந்திருக்கலாம். அல்லது ஹீட்டரின் ரேடியேட்டர் ஒழுகியிருக்கலாம். கடைசியாகச் சொன்னதை எளிதில் அடையாளம் காணலாம்: வடிவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் என்பதால் இனிப்பான வாடை வீசும், கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் படியும், விரல்களுக்கிடையே தேய்த்தால் வழுக்கும். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் காற்றிலுள்ள ஈரத்தையும் தன்னோடு ஈர்த்து வைத்துக்கொள்வதால், அது ஊறிய கார்ப்பெட் எவ்வளவு வெயிலில் போட்டாலும் முழுதாக உலர்வதில்லை. அத்தகைய கார்ப்பெட்டை மீட்க முயல்வதில் பயனில்லை.

கதவுகளைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. கதவுக்குள் தண்ணீர் நுழைவதே பழுது என்று நினைக்கிறார்கள். கண்ணாடியின் வெளிப்புறம் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்குவதும், கதவின் அடியிலுள்ள பிளவுகள் வழியாக வெளியேறுவதும் வடிவமைப்பிலேயே உள்ளவை. அந்த நீர் உள்ளறைக்கு வராமல் தடுப்பது, கதவின் உட்பலகைக்குப் பின்னால் ஒட்டப்பட்ட ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான். ஸ்பீக்கர் மாற்றவோ கண்ணாடி ஏற்றும் பொறியைச் சரிசெய்யவோ பலகையைக் கழற்றும் எவரும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அது வெறும் பொதி உறை என்று எண்ணித் திரும்ப ஒட்டாமல் விட்டுவிடுவார்கள். பழைய வண்டி பல கைகள் மாறி வந்திருக்கும் என்பதால் நான்கு கதவுகளிலும் இதைப் பார்ப்பது அவசியம். கதவின் அடிப்பிளவுகள் சேற்றால் அடைபட்டிருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஆஃப்ரோடு வண்டிகளுக்கே உரிய மற்றொரு நுழைவாயில், எஞ்சின் அறையையும் உள்ளறையையும் பிரிக்கும் தகட்டுச் சுவரான ஃபயர்வால். கூடுதல் விளக்குகள், சிக்கிய வண்டியை இழுத்து மீட்கும் வின்ச், வானொலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒயர் கொண்டுவர யாரோ ஒருவர் அதில் துளையிட்டிருப்பார்; ரப்பர் வளையம் பொருத்தியிருக்கமாட்டார். மழையில் இது பெரிதாகத் தெரியாது. தண்ணீரில் இறங்கும்போது எஞ்சின் அறையில் எழும் அலை அத்துளை வழியே நேராக உள்ளே பாயும். கூரையின் மேல் பொருள் ஏற்றும் சட்டத்துக்காகப் போட்ட துளைகள், பின்கதவின் ரப்பர், பின்விளக்குகளின் அடிப்பட்டை ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

தேடும் முறை எளிமையானது: ஒருவர் டார்ச்சோடு உள்ளே அமர, மற்றொருவர் வெளியிலிருந்து ஹோஸ் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து தொடங்கி மேலே செல்வதுதான் முக்கியம், ஏனெனில் முதலிலேயே கூரையில் நீர் ஊற்றினால் அது வழியும் பாதையிலுள்ள எல்லா இடுக்குகளும் நனைந்து, எது குற்றவாளி என்று சொல்ல முடியாமல் போகும். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் நிறுத்தி நிதானித்து மேலே செல்ல வேண்டும். தகட்டின் உட்புறம் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி வைத்தால், நீர் வந்த தடம் அதில் கோடாகப் பதிந்துவிடும். அழுத்தம் மிகுந்த நீர்த்தாரையைப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அது நல்ல ரப்பரையும் தாண்டி உள்ளே புகுந்து, இல்லாத பழுதை இருப்பதாகக் காட்டும். வண்டியை ஒருமுறை சமதரையிலும் ஒருமுறை சரிவிலும் நிறுத்திப் பார்த்தது பயன் தந்தது. சமதரையில் ஒழுகாத முன்கண்ணாடி மூலை, மூக்கு தாழ்ந்து நின்றபோது ஒழுகியது.

அடுத்தது துரு. தரைத்தகட்டில் அது பெரும்பாலும் இணைப்புத் தையல்களிலும், உடலைச் சட்டத்தோடு பிணைக்கும் ரப்பர் தாங்கிகளின் மேற்புறத்திலும், இருக்கைத் தாங்கிகளைச் சுற்றியும், காலடிப் பள்ளத்தின் முன்மூலைகளிலும் பிடித்திருக்கும். திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல தகடு கணீரென ஒலிக்கும். உளுத்த தகடு மந்தமாக ஒலிக்கும், அழுத்தினால் அமுங்கும். தயாரிப்பாளர் ஒட்டிய தார் பட்டைகள் சில இடங்களில் விளிம்பு தூக்கியிருந்தன. அவற்றின் அடியிலும் ஈரம் புகுந்திருந்தது. அத்தகையவற்றை மட்டும் நீக்கினேன், உறுதியாக ஒட்டியிருந்தவற்றைத் தொடவில்லை. சூடேற்றிச் சுரண்டுவது ஒரு வழி. உலர்பனிக்கட்டியை மேலே பரப்பி, அது மைனஸ் 78 டிகிரிக் குளிரில் தாரை உறைய வைத்த பின் சுத்தியால் தட்டி உடைத்தெடுப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழி மிகச் சுத்தமானது. ஆனால் உலர்பனி ஆவியாகும்போது வெளிவரும் கரியமில வாயு மூடிய உள்ளறையில் தேங்கி மூச்சுத் திணறலை உண்டாக்கும் என்பதால், எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டே அதைச் செய்ய வேண்டும். கையுறையின்றித் தொடவும் கூடாது.

மேலோட்டமான துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, செதில்களையெல்லாம் நீக்கிய பிறகே துரு மாற்றித் திரவத்தைப் பூச வேண்டும். அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் எஞ்சிய இரும்பு ஆக்சைடை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். செதிலாக நிற்கும் தடித்த துருவின் அடிவரை அது ஊடுருவாது. அது காய்ந்த பின் எப்பாக்ஸி பிரைமர், தையல்களுக்கு நெகிழும் சீலன்ட், அதன்மேல் வண்ணம் என்ற வரிசையில் செய்தேன். காலடிப் பள்ளத்தின் ஒரு மூலையில் தகடு முழுதும் போயிருந்தது. அங்கே புதிய தகட்டை வெட்டிப் பற்றவைக்க வேண்டியிருந்தது. ஓட்டையின்மேல் ஃபைபர் துணியும் பட்டியும் பூசி மூடுவதை நான் ஏற்கவில்லை. தரை வண்டியின் உறுதியில் பங்கு கொள்ளும் உறுப்பு, இருக்கையும் பெல்ட்டும் அதில்தான் நிற்கின்றன. வெல்டிங் செய்வதற்கு முன் தகட்டுக்கு அடியில் பிரேக் குழாயும் எரிபொருள் குழாயும் எந்த வழியே செல்கின்றன என்று பார்த்துவிட வேண்டும். அருகில் தீயணைப்புக் கருவி இருப்பது கட்டாயம். பூச்சு முடிந்ததும், தரையிலிருந்த எல்லா வடிதுளைகளுக்கும் புதிய ரப்பர் அடைப்பான்கள் போட்டேன். பழையவை கல்லாக இறுகியிருந்தன.

இனி இரைச்சல் தடுப்பு. இதில் மிகையாகச் செய்துவிடும் ஆர்வம் எல்லோரையும் பற்றிக்கொள்கிறது. அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் பட்டைகள், தகடு அதிரும்போது இடையிலுள்ள ரப்பர் இழுபட்டு அதிர்வைச் சூடாக மாற்றிவிடுவதால் பயன் தருகின்றன. அதற்குத் தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. விரிந்த தகட்டின் நடுவில் நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ ஒட்டினாலே அதிர்வின் பெரும்பகுதி அடங்கிவிடும். முழுத் தரையையும் வெள்ளி நிறத்தில் மூடிய படங்கள் பார்க்க அழகாக இருக்கின்றன. ஆனால் அந்தத் தரையில் மறுபடி துரு பிடித்தால் அதை யார் காண்பார்கள் என்ற கேள்வி எனக்கு எழுகிறது. ஆகவே தையல்களையும் துளைகளையும் தாழ்ந்த பள்ளங்களையும் வெறுமையாக விட்டு, மற்ற இடங்களில் மட்டும் ஆல்கஹாலால் துடைத்து, உருளையால் அழுத்தி ஒட்டினேன். கூரைக் கசிவை அடைக்க விற்கும் தார்ப் பட்டையை இதற்குப் பயன்படுத்தினால், வெயிலில் அது இளகி வாடை வீசும், சரிவான இடங்களில் நழுவும்.

சணல் மெத்தைக்குப் பதிலாக, நீரை உறிஞ்சாத மூடிய நுண்ணறைகள் கொண்ட நுரைத் தாளைத் தேர்ந்தெடுத்து, அதைப் பசையின்றித் துண்டுதுண்டாகப் பரப்பினேன். எக்ஸாஸ்ட் குழாய்க்கு மேலே வரும் பகுதியில் மட்டும் வெப்பத்தைத் திருப்பியடிக்கும் தாளைச் சேர்த்தேன். கனமான வினைல் தாளையும் சிலர் போடுகிறார்கள். சாலை இரைச்சலைத் தடுப்பதில் அது சிறந்ததுதான். ஆனால் பரவலாக விற்கப்படும் வகை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ளது. ஈரமானால் அதைத் தூக்கி உலர்த்தும் நாளை எண்ணிப் பார்த்து அதை விட்டுவிட்டேன்.

புதிய கார்ப்பெட் பெட்டியில் மடித்துத் திணித்து வந்ததால் மடிப்புத் தடங்களோடு இருந்தது. வெயிலில் விரித்து வைத்ததிலேயே பெரும்பாலானவை மறைந்தன. மீதியை அடிப்பக்கத்திலிருந்து நீராவி காட்டி நீவினேன். இழையின் பக்கம் ஹீட் கன்னைக் காட்டினால் நுனிகள் உருகி, மொரமொரப்பான திட்டு நிரந்தரமாக நின்றுவிடும். கார்ப்பெட்டை எப்போதும் நடுமேட்டிலிருந்துதான் அமர்த்தத் தொடங்க வேண்டும். கியர் லீவரைச் சுற்றிய மேடு துல்லியமாகப் பொருந்திய பிறகு, இரு பக்கமும் கையால் தடவிக்கொண்டே பள்ளங்களை நோக்கிச் செல்ல வேண்டும். ஓரங்களில் மிகுந்து நிற்பதை உடனே வெட்டிவிடும் ஆசையை அடக்கி, இருக்கைகளின் எடை பட்டு ஒருநாள் முழுதும் அமர்ந்த பின் வெட்டுவதே சரி, ஏனெனில் துணி அமரும்போது பள்ளங்களுக்குள் இழுபட்டு ஓரங்கள் சுருங்கும்.

துளைகளைக் கண்டுபிடிப்பதற்கு ஓர் எளிய வழி, கார்ப்பெட்டை விரிக்கும் முன்பே எல்லா போல்ட்டுகளையும் அவற்றின் துளைகளில் பாதி முறுக்கி வைத்துவிடுவது. விரித்த பின் மேலிருந்து தடவினால் அவற்றின் தலைகள் கையில் தட்டுப்படும். அந்த இடத்தில் சிறிய பெருக்கல் குறியாகக் கீறி, தலையை மேலே வர விடலாம். தலை தட்டுப்படாத துளைகளுக்குக் குத்தூசியால் வண்டியின் அடியிலிருந்து குத்திப் பார்க்கலாம். கீறுவதற்குக் கத்தியை அடிப்பக்கத்திலிருந்து ஓட்டினால், பின்புறப் பூச்சு மட்டும் அறுபட்டு, இழைகள் தப்பும். எது செய்தாலும் கார்ப்பெட்டின் மீது டிரில் மட்டும் வைக்கவே கூடாது. சுழலும் முனையில் ஓர் இழை சிக்கினால் போதும், அது நூலை வரிசையாக உருவிக்கொண்டே செல்லும். கண்மூடித் திறப்பதற்குள் ஒரு முழ நீளத்துக்கு வழுக்கைக் கோடு விழுந்துவிடும். சிறு திருகுகளுக்குத் துளை தேவைப்பட்ட இடங்களில், சூடான சால்டரிங் இரும்பின் நுனியால் துளைத்தேன். இழைகளின் விளிம்பு உருகி ஒட்டிக்கொள்வதால் பிரிவதில்லை.

பசையைப் பொறுத்தவரை, தரையில் ஒரு சொட்டும் இடவில்லை. பின்சக்கர வளைவுகளின் மேலும், ஃபயர்வாலின் செங்குத்தான பகுதியிலும் மட்டும் வெப்பம் தாங்கும் பசையைப் பயன்படுத்தினேன். சாதாரண ஸ்பிரே பசைகள் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இளகி, கார்ப்பெட்டைச் சரிய விட்டுவிடும். சக்கர வளைவுகளுக்கு வார்த்த கார்ப்பெட் கிடைக்காவிட்டால், எல்லாத் திசையிலும் இழுபடும், ஊசியால் குத்திப் பிணைத்த மெல்லிய விரிப்பை வாங்கி நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து ஒட்டலாம். அதில் சுருக்கமே விழாது.

இருக்கைகளை மாட்டுவதற்கு முன் பெடல்களைச் சோதிப்பது நல்லது, ஏனெனில் அப்போதுதான் குனிந்து பார்க்க இடமிருக்கும். புதிய மெத்தை பழையதைவிடத் தடித்திருந்தால் ஆக்சிலேட்டர் பெடல் முழுதாக இறங்காது. கார்ப்பெட்டின் ஓரம் மடிந்து நின்றால், இறங்கிய பெடல் திரும்பி வராமலும் போகலாம். 2009இல் அமெரிக்காவில், ஆக்சிலேட்டர் பெடல் காலடியில் போடும் தனி விரிப்பில் சிக்கிக்கொள்ளும் அபாயத்துக்காக டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகள் தொடர்பாக விடுத்த எச்சரிக்கையை நினைத்தால், இந்தச் சோதனையை யாரும் அலட்சியப்படுத்தமாட்டார்கள். பெடலைக் கையால் முழுதாக அழுத்தி, பல கோணங்களில் விட்டுப் பார்க்க வேண்டும். மேலே போடும் தனி விரிப்பையும் கொக்கியில் மாட்டிவிட்டே பார்க்க வேண்டும். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் இதுவே பொருந்தும். அதேபோல், டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரை எல்லா நிலைகளுக்கும் தள்ளிப் பார்ப்பது அவசியம். லீவரின் அடியில் கார்ப்பெட் குவிந்திருந்தால் மெதுவாக, அதிக இழுவையோடு செல்வதற்கான லோ ரேஞ்ச் முழுதாக விழாமல் பாதியில் நிற்கும். அது தெரியவருவது பெரும்பாலும் அந்த கியர் மிகவும் தேவைப்படும் சரிவில்தான்.

இருக்கைத் தாங்கிகளும் பெல்ட்டின் நங்கூரத் தகடுகளும் நேரடியாக இரும்பின்மீதே அமர வேண்டும். இடையில் கார்ப்பெட்டோ நுரையோ சிக்கினால், முறுக்கும்போது இறுகியதாகத் தோன்றும் போல்ட், அந்த மென்பொருள் நாளடைவில் அமுங்கியதும் தளர்ந்துவிடும். ஆகவே தாங்கிகளின் அளவுக்குக் கார்ப்பெட்டை வெட்டித் திறந்து, பழைய போல்ட்டுகளின் மரையைச் சுத்தம் செய்து, கையேடு குறிப்பிடும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்கினேன். துருவால் மெலிந்திருந்த பெல்ட் போல்ட்டுகளுக்குப் பதிலாக, அதே வலிமைத் தரமுள்ள தயாரிப்பாளரின் போல்ட்டுகளையே வாங்கினேன். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு போல்ட் மரையில் பொருந்திவிடுவதாலேயே அது பெல்ட்டுக்குத் தகுதியானதாகிவிடாது. சில வாரங்கள் ஓட்டிய பின் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்த்தேன்.

இப்போது தண்ணீரில் இறங்கி ஏறிய ஒவ்வொரு முறையும், முன் இருக்கைகளுக்கு அடியில் படியும் ஓரத்தைத் தூக்கி, நுரைத் தாளின் அடியில் கையை விட்டுப் பார்க்கிறேன். ஈரம் தட்டுப்பட்டால் பின்பகுதிக் கார்ப்பெட்டைச் சுருட்டி வெளியே எடுத்து, தாழ்ந்த பள்ளங்களிலுள்ள அடைப்பான்களைக் கழற்றி, கதவுகளைத் திறந்து வைத்துத் தரையை உலர விடுகிறேன். அடைப்பான்களைத் திரும்பப் போடும்போது விளிம்பில் சிறிது சிலிகான் கிரீஸ் தடவுவதால், அடுத்த முறை கழற்றும்போது அவை கிழிவதில்லை.